நியாயமான போனுக்குக் கூடுதல் காசு: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

போன் பழுது பார்ப்பது என் தொழில். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, உடைந்த போனை நீட்டிக்கொண்டே பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாமே கழற்றி மாட்டிக்கொள்ளலாம், தொழிலாளியை வஞ்சிக்காமல் செய்தது என்று சொல்கிறார்களே, அந்த ஃபேர்போன் மாதிரி ஒன்றை வாங்கிவிடலாமா? விலைதான் இடிக்கிறது."

வாங்குங்கள், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் நான் சொல்வதில்லை. இரண்டு கணக்கைத் தனித்தனியாகப் போடச் சொல்வேன். அந்தப் போன் உங்களிடம் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது ஒரு கணக்கு. நியாயத்துக்காக எவ்வளவு கொடுக்க உங்களுக்கு மனம் இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். "இவ்வளவு விலைக்குக் கேமரா சுமார்தான்" என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் பார்க்கும், "நல்ல காரியம்தானே" என்று இன்னொரு பக்கம் சமாதானம் சொல்லும். முடிவு மட்டும் வராது.

முதலில் கையில் இருக்கும் போன்

புதுசு வாங்குவதற்கு முன்னால் பழசுக்கு என்ன கோளாறு என்று பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்று என்னிடம் வரும் போன்களில் நிறைய போன்களுக்குப் பார்ட்ஸே தேவைப்படுவதில்லை. சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் சார்ஜிங் போர்ட்டுக்குள் அழுந்தி அடைத்திருக்கும். கேபிள் முழுசாக உள்ளே போகாது, லேசாக ஆட்டினாலே கழன்றுவிடும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியை ஓரமாக விட்டு மெல்லச் சுரண்டுங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சு மொத்தையாக வெளியே வரும். ஊசியோ பின்னோ வேண்டாம். டைப்-சி போர்ட்டின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. அது உடைந்தால் போர்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி பல நூறு முறை சார்ஜ் ஆகி இறங்கிய பிறகு கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது சகஜம். பாதி நாளிலேயே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, 20 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறது என்றால் செத்துக்கொண்டிருப்பது பேட்டரி, போன் அல்ல. பேட்டரி மாற்றிய பிறகு இன்னும் இரண்டு வருஷம் ஓடும் போன்களைத் தினமும் பார்க்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: டிஸ்ப்ளேயோ பின்மூடியோ மேலே தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். சார்ஜ் போடுவதையும் நிறுத்திவிட்டு உடனே மாற்றுங்கள்.

பழைய போனுக்கு இவ்வளவு வக்காலத்து வாங்கக் காரணம் இருக்கிறது. ஒரு ஸ்மார்ட்போன் தன் ஆயுளில் ஏற்படுத்தும் கார்பன் வெளியேற்றத்தில் பெரும்பகுதி அது தயாராகும்போதே நடந்துவிடுகிறது. நாம் சார்ஜ் போடும் மின்சாரம் அதில் சின்னப் பங்குதான். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஐஇசட்எம் ஆய்வு நிறுவனம் ஃபேர்போன் 3-க்குப் போட்ட கணக்கின்படி, மூன்று வருஷத்துக்குப் பதில் ஐந்து வருஷம் வைத்திருந்தால் வருஷாந்தர வெளியேற்றம் 31 சதவீதம் குறைகிறது, ஏழு வருஷம் என்றால் 44 சதவீதம். நல்ல நோக்கத்தோடு செய்த போனை வாங்குவதற்காக, ஓடுகிற போனை இழுப்பறையில் போட்டுவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

வருஷத்தால் வகுத்துப் பாருங்கள்

சரி, பழைய போன் இனித் தேறாது என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியலில் இருக்கும் எண்ணை மறந்துவிட்டு, போன் விலையோடு வரப்போகும் ரிப்பேர் செலவையும் கூட்டி, வைத்திருக்கப்போகும் வருஷத்தால் வகுங்கள்.

ஃபேர்போனின் ஆறாம் தலைமுறை 2025 ஜூனில் 599 யூரோவுக்கு வந்தது. உத்தரவாதம் ஐந்து வருஷம், சாஃப்ட்வேர் ஆதரவு 2033 வரை என்பது வாக்கு. நடுவில் ஒரு பேட்டரிக்கு 40 யூரோ, ஒரு டிஸ்ப்ளேக்கு 90 யூரோ என்று தோராயமாக ஒதுக்குவோம். ஏழு வருஷம் வைத்திருந்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 104 யூரோ. இதே போனை ரிப்பேரே வராமல் மூன்று வருஷத்தில் மாற்றினால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 200. இதற்கு எதிராக 300 யூரோவுக்கு ஒரு சாதாரண போனை வாங்கி மூன்று வருஷம் ஓட்டினால் வருஷத்துக்கு 100. பழசைச் சீர்செய்து விற்கும் ரீஃபர்பிஷ்டு போன் 250-க்குக் கிடைத்து மூன்று வருஷம் ஓடினால் 83.

பணம் மட்டும்தான் அளவுகோல் என்றால் ஃபேர்போன் ஜெயிப்பதில்லை என்பது இதிலிருந்து தெரியும். நீண்ட காலம் வைத்திருந்தால் சமமாகி நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஏழு வருஷத்தில் ஒரு போன்தான் தயாராகியிருக்கும், இரண்டோ மூன்றோ அல்ல. விலை சமமாக இருக்கும்போது அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஆகவே நீங்கள் நிஜமாகவே ஏழு வருஷம் வைத்திருப்பீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கடைசியாக வைத்திருந்த இரண்டு மூன்று போன்களை ஏன் கைவிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். டிஸ்ப்ளே உடைந்தது, பேட்டரி போனது, போர்ட் போனது என்று வந்தால் பழுது பார்க்கக்கூடிய போன் உங்களுக்காகவே செய்தது. அப்டேட் நின்று வங்கி ஆப் வேலை செய்யாமல் போனது என்றால், கழற்றும் வசதியைவிட நீண்ட கால அப்டேட்தான் உங்களுக்கு முக்கியம். கூகுள் பிக்சல் 8 முதலான போன்களுக்கும் சாம்சங் எஸ்24 முதலான உயர்வகைப் போன்களுக்கும் ஏழு வருஷ அப்டேட் வாக்கு இருக்கிறது. புதுக் கேமராவுக்காக மாற்றினேன் என்று எழுதினீர்களானால், எளிதில் கழற்றி மாட்டக்கூடிய போன் அந்த ஆசையைத் தணிக்காது. அந்தக் காசு வீண்.

கழற்றாமலே கண்டுபிடிப்பது

"எளிதில் பழுது பார்க்கலாம்" என்று இப்போது பல நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. அது மேசையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

பசை போட்டு மூடிய போனை முதலில் ஹீட்டிங் பேடில் வைக்க வேண்டும். பசை இளகியதும் ரப்பர் உறிஞ்சியை ஒட்டி இழுத்து, முடி அளவு இடைவெளி கிடைத்ததும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை நுழைத்து, நாலு பக்கமும் மெதுவாக ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அவசரப்பட்டால் பின்பக்கக் கண்ணாடி விரிசல் விடும், ஆழமாகக் குத்தினால் உள்ளே பாகங்களை இணைக்கும் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் அறுந்துவிடும். உள்ளே போனால் பேட்டரியும் பசையில் ஒட்டியிருக்கும். பசையை இளக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக ஓரத்தில் விட்டு, ஊற விட்டு, வளைக்காமல் குத்தாமல் நெம்பி எடுக்க வேண்டும். லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். இவ்வளவும் முடித்து மூடும்போது, தண்ணீர் புகாமல் தடுத்த பழைய பசையின் இடத்தில் புதுப் பசை போட வேண்டும். அது பழையபடி பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஃபேர்போன் 5 மேசைக்கு வந்தால், பின்மூடியின் மூலையில் இருக்கும் பிளவில் நகத்தை விட்டு இழுக்கிறோம், மூடி வந்துவிடுகிறது. பேட்டரியைத் தூக்கினால் கையோடு வருகிறது. டிஸ்ப்ளே, கேமரா, போர்ட், ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனி மாட்யூல். சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருந்தால் போதும். ஸ்க்ரூவைக் கழற்றி, கனெக்டரைத் தூக்கி, புதியதை வைத்து அழுத்தினால் முடிந்தது. எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று போன்களுக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது. 2015-இல் வந்த ஃபேர்போன் 2-க்கும் அதே மதிப்பெண்தான். ஆறாம் தலைமுறையில் போனை ஒல்லியாக்குவதற்காகப் பேட்டரியையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டார்கள். கையால் தூக்கி மாற்றும் வசதி போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பசையோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்.

எந்த நிறுவனத்தின் போனாக இருந்தாலும் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை எளிமையானது. அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய், நீங்கள் வாங்க நினைக்கும் மாடலின் டிஸ்ப்ளேயையும் பேட்டரியையும் தேடுங்கள். சாதாரண ஆளுக்கு விற்கிறார்களா? கையிருப்பு இருக்கிறதா? உங்கள் முகவரிக்கு அனுப்புவார்களா? டிஸ்ப்ளே விலை போன் விலையில் எத்தனை பங்கு? ஆறில் ஒரு பங்கு என்றால் தாராளமாக மாற்றலாம். பாதியைத் தொட்டால் யாரும் மாற்றமாட்டார்கள். இரவு ஷிஃப்ட் முடித்துக் களைத்துப்போய் வந்த செவிலியர் ஒருவரிடம், போனுக்குக் கொடுத்த காசில் பாதிக்கு மேல் டிஸ்ப்ளேக்கு மட்டும் ஆகும் என்று சொல்ல வேண்டி வந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லாத போன் அது. அந்தத் தயாரிப்பாளர் விலையை நிர்ணயித்தபோதே அந்தப் போனின் ஆயுளையும் நிர்ணயித்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில நிறுவனங்கள் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் மதர்போர்டோடு கோத்துவிடுகின்றன. அதே மாடலின் இன்னொரு போனிலிருந்து அசல் பாகத்தை எடுத்து மாட்டினால்கூட எச்சரிக்கை வரும், சில வசதிகள் வேலை செய்யாது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2024-இல் சட்டம் போட்டு இந்த வழக்கத்துக்குத் தடை விதித்தது. சட்டம் இல்லாத இடங்களில் நாம்தான் பார்த்து வாங்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அங்கே விற்கும் போன்களுக்கு விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் முக்கியமான பார்ட்ஸ் கிடைக்க வேண்டும், ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும். பழுது பார்க்கும் வசதிக்கு ஏ முதல் இ வரை தரம் போட்டு லேபிளும் ஒட்ட வேண்டும். நீங்கள் ஐரோப்பாவில் இல்லாவிட்டாலும் இது உதவும். லேபிள் விவரங்கள் எப்ரல் என்ற பொதுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். அதே மாடல் உங்களிடமும் விற்கிறது என்றால் தரத்தை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நியாயத்துக்கான காசு

இனி இரண்டாவது கணக்கு. ஃபேர்போன் கம்பெனியாகத் தொடங்கவில்லை. 2010-இல் ஆம்ஸ்டர்டாமில், மின்னணுப் பொருள்களுக்குள் ஒளிந்திருக்கும் மோதல் கனிமங்களை, அதாவது ஆயுதச் சண்டைகளுக்குப் பணமாகும் கனிமங்களைப் பற்றிய விழிப்புணர்வுப் பிரசாரமாகத் தொடங்கியது. போன் செய்யும் நிறுவனமானது 2013-இல். பிரச்சினை அவ்வளவு பெரியது. பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் ஏழு வயதுக் குழந்தைகள்கூட வேலை செய்வதை மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016-இல் பதிவு செய்தது. டான்டலம், வெள்ளீயம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கின் விற்பனையும் கிழக்கு காங்கோவில் ஆயுதக் குழுக்களுக்குப் பணமாகப் போயிருக்கிறது.

"அப்படியானால் காங்கோவிலிருந்து வாங்காமல் இருந்தால் போதுமே" என்று தோன்றும். நிறுவனங்கள் அதையும் செய்து பார்த்தன. 2010-இல் அமெரிக்காவின் டாட்-ஃபிராங்க் சட்டம், இந்தக் கனிமங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கணக்குக் காட்டச் சொன்னதும் பல நிறுவனங்கள் தொல்லையே வேண்டாம் என்று அந்தப் பகுதியையே ஒதுக்கிவிட்டன. தோண்டிப் பிழைத்த சாதாரண மக்களின் வயிற்றில் அடி விழுந்தது. ஃபேர்போன் எடுத்த வழி வேறு. விலகிப் போகாமல், கண்காணிப்புள்ள சுரங்கங்களின் வெள்ளீயத்தையும் டான்டலத்தையும் அங்கிருந்தே வாங்கத் தொடங்கியது. பிறகு, தோண்டுபவர்களுக்கு நியாயமான விலை கொடுக்கும் ஃபேர்டிரேட் முத்திரைத் தங்கத்தையும் விநியோகச் சங்கிலிக்குள் கொண்டுவந்தது. கோபால்ட் சுரங்கங்களில் நிலைமையை மேம்படுத்த 2020-இல் உருவான கூட்டமைப்பிலும் சேர்ந்தது. சீனாவில் போனின் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளர்களுக்கு, வாழ்வதற்குப் போதுமான கூலிக்கும் அவர்கள் வாங்கும் கூலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க போனஸ் தருகிறது. ஒரு போனுக்கு இதனால் கூடும் செலவு மொத்த விலையில் துளிதான். மற்ற பெரிய நிறுவனங்கள் இதைச் செய்யாமல் இருப்பதற்குச் செலவைக் காரணம் காட்டினால் என்னால் ஏற்க முடியாது.

அதே சமயம் இது நூறு சதவீதம் நியாயமான போன் என்று அந்த நிறுவனமே சொல்வதில்லை. ஒரு போனில் பல பத்துக் கனிமங்கள் இருக்கின்றன. அதில் சிலவற்றின் பாதையைத்தான் இதுவரை ஓரளவு சீராக்கியிருக்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசின் பெரும்பகுதி கூலிக்கும் சுரங்கத்துக்கும் போய்ச் சேருவதும் இல்லை. சின்ன நிறுவனம், குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கிறது, ஒவ்வொரு பாகத்துக்கும் பெரிய நிறுவனங்களைவிட அதிக விலை கொடுக்கிறது. கூடுதல் விலையில் ஒரு பங்கு அதற்கே சரியாகிவிடும். தெரிந்து கொடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். நான் இதற்குக் கொடுப்பேன். இப்படியும் ஒரு போன் செய்து விற்க முடியும் என்று ஒரு நிறுவனம் வருஷாவருஷம் காட்டிக்கொண்டிருப்பதே மற்றவர்களுக்கு நெருக்கடி. இந்தத் தொகையை நன்கொடை மாதிரி தனியே எழுதி வையுங்கள். கேமராவோடு ஒப்பிட்டு அதை அளக்காதீர்கள். கையில் அவ்வளவு இல்லை என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம், ரீஃபர்பிஷ்டு போனை வாங்கிப் பேட்டரி மாற்றி ஓட்டுங்கள். அந்தப் பேட்டரியைத் தவிர, அதற்காகப் புதிதாக எதுவும் தோண்டப்படவில்லை.

சாஃப்ட்வேர்

ஸ்க்ரூ எத்தனை போட்டாலும் சிப் தயாரிப்பாளர் கைவிட்டால் போன் கிழடாகிவிடும். ஃபேர்போன் 2-இன் சிப்புக்குக் குவால்காம் ஆதரவை நிறுத்திய பிறகும், ஆண்ட்ராய்டு 5-இல் பிறந்த அந்தப் போனைத் தாங்களே வேலை பார்த்து ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுவந்தார்கள். 2023-இல்தான் ஆதரவு முடிந்தது. அந்தப் பாடத்தால் ஃபேர்போன் 5-க்கு, தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று நீண்ட ஆதரவோடு வரும் ஒரு சிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அப்டேட் வருவதில் தாமதம் உண்டு, புது ஆண்ட்ராய்டு வந்த மாதமே எதிர்பார்க்காதீர்கள். லினேஜ்ஓஎஸ், /இ/ஓஎஸ் போன்ற, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளங்களை நிறுவவும் வழி இருக்கிறது. நிறுவினால் சில வங்கி ஆப்கள் முரண்டு பிடிக்கலாம்.

யாருக்கு வேண்டாம்

ஃபேர்போனின் விற்பனையும் சர்வீஸும் ஐரோப்பாவை மையமாகக் கொண்டவை. அதற்கு வெளியே வாழ்பவர் யாரோ ஒருவர் மூலம் வரவழைத்தால் உத்தரவாதம் செல்லாது போகலாம், டிஸ்ப்ளே விலையோடு தபாலும் சுங்கவரியும் சேரும், உங்கள் நெட்வொர்க்கின் அலைவரிசையில் வோல்ட்டி அழைப்பு (4ஜி வழியே போகும் குரல் அழைப்பு) வேலை செய்யுமா என்ற கேள்வி வேறு. பார்ட்ஸ் வந்து சேராத இடத்தில் பழுது பார்க்கும் வசதி இருந்தும் பயன் இல்லை. அங்கே, அருகில் எல்லாப் பார்ட்ஸும் கிடைக்கும், எல்லா மெக்கானிக்கும் கழற்றிப் பழகிய பிரபலமான மாடல்தான் உண்மையில் பழுது பார்க்கக்கூடிய போன். இதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

தண்ணீரிலேயே வேலை செய்பவர்களுக்கும் யோசனை தேவை. ஃபேர்போன் 5-க்கும் ஆறாம் தலைமுறைக்கும் இருக்கும் தண்ணீர்ப் பாதுகாப்புத் தரம் ஐபி55. அப்படியென்றால் சாரலையும் தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும், முங்கினால் தாங்காது. ஹெட்ஃபோன் துளையும் ஃபேர்போன் 4 முதல் கிடையாது. இருக்கிற ஹெட்ஃபோனைப் பயன்படுத்து என்று சொல்ல வேண்டிய நிறுவனம் அதை எடுத்திருக்கக் கூடாது.

வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே, ஒன்றும் உடையாதபோதே, கையேட்டைப் பார்த்து ஒருமுறை பின்மூடியையும் பேட்டரியையும் கழற்றி மாட்டுங்கள். பயம் போய்விடும். கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரு தாளில் போனின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் டிஸ்ப்ளே உள்ளிருந்து குத்துப்படும். எந்த வேலைக்கும் முன்னால் போனை அணைத்துப் பேட்டரியின் இணைப்பை முதலில் எடுங்கள்.

பார்ட்ஸை எப்போது வாங்கி வைப்பது? முதல் ஃபேர்போனுக்கு 2017-இல் பார்ட்ஸ் தீர்ந்து ஆதரவே நின்றுபோனது, ஆகவே வாக்கை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நீங்கள் அடிக்கடி கீழே போடும் ஆள் என்றால், அந்த மாடலின் விற்பனை முடியப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு டிஸ்ப்ளே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பேட்டரியை மட்டும் அப்படிச் சேர்த்து வைக்காதீர்கள். சும்மா கிடந்தாலும் அதற்கு வயதாகும். தேவைப்படும்போது புதிதாகத் தயாரானதை வாங்குவதே நல்லது. தினசரி உபயோகத்தில் சார்ஜை 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்திருப்பதும், சூட்டில் வைத்துச் சார்ஜ் போடாமல் இருப்பதும் பேட்டரி மாற்றும் நாளைத் தள்ளிப்போடும்.

பழைய போனை என்ன செய்வது என்பதையும் வாங்கும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது 22.3 சதவீதம்தான் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. ஓடக்கூடிய போன் என்றால் கணக்குகளிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்து, தேவைப்படுபவருக்கு இப்போதே கொடுங்கள். இரண்டு வருஷம் இழுப்பறையில் கிடந்த பிறகு அதை யாரும் வாங்கமாட்டார்கள். ஓடாதது என்றால் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேருங்கள், பேட்டரி உப்பியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கொடுங்கள்.